குறையாத தீர்த்தம்

ஆனையூர் வேன் ஸ்டாண்டில் நாலு பேர் ஒரு விஷயத்தில் முட்டிக்கொண்டால், "அழகுபாண்டி அண்ணன்கிட்டக் கேளுங்கடா" என்று யாராவது ஒருவர் சொல்வார். அவர் சட்டம் படித்தவர் அல்ல. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலைக்காட்டு வேலைக்குப் போனவர். பிறகு லாரியில் கிளீனர், அதே லாரிக்கு டிரைவர், இப்போது சொந்தமாக ஒரு பழைய ஆம்னி வேன். ஆனால் பொய் அவர் வாயில் வராது. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவர்களிடம், "தாலி கட்டுறதுக்குள்ள போய்ச் சேர முடியாதும்மா, கோரிப்பாளையம் சிக்னல்லயே பாதி நேரம் போயிரும்" என்பார். அவர்கள் அடுத்த வண்டியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேராது. அது வேறு.

"உண்மையப் பேசிப் பேசியே எங்களப் பட்டினி போட்டுறாதீக" என்பாள் அவர் மனைவி மீனா.

அப்படிப்பட்ட மனிதர் அழகர்கோவில் கருப்பன் கதவு முன்னால் ஒரு தடவை சத்தியம் செய்தார். இன்னொரு தடவை செய்யச் சொல்லி அவரைக் கூட்டிப்போனார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவனுக்குக் கண் போயிற்று.

பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு அங்கே சிலை கிடையாது. கோபுரவாசலின் சாத்திய கதவுதான் சாமி. கதவு நிறையச் சந்தனமும் மாலையுமாக, பார்த்தாலே நெஞ்சு தடதடக்கும். கோர்ட்டில் தீராத வழக்கெல்லாம் அங்கே வந்து தீர்ந்திருக்கிறது. கல்லில் சூடத்தைக் கொளுத்தி, "நான் சொல்றது மெய்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்குமேல் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பொய்யாக அடித்தவனைக் கருப்பன் பார்த்துக்கொள்வார்.

அழகுபாண்டிக்கு வாரந்தோறும் சனிக்கிழமை அங்கேதான் சவாரி. பக்தர்களை இறக்கிவிட்டு, மலைமேல் ராக்காயி அம்மன் கோயில் வரைக்கும் ஏறி, நூபுர கங்கைத் தீர்த்தத்தை ஒரு கேனில் பிடித்து வருவார். வீட்டுக்கு ஒரு சொம்பு, ஸ்டாண்டுக்கு ஒரு சொம்பு. காலையில் வண்டி எடுக்கும் முன்னே முன்கண்ணாடிக்குச் சூடம் காட்டாமல் சாவியைத் திருக மாட்டார்.

அந்த வண்டிக்குத்தான் சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் காளை வந்து 'கிட்டு' மாட்டினான்.

காளை, அழகுபாண்டியின் தங்கச்சி சோலையம்மாளைக் கட்டியவன். கப்பலூரில் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் தகடு வெட்டுகிற வேலை. கை ஓய்ந்திருந்தால் போனும் கையுமாக இருப்பான். எவனோ ஒருவன் தண்ணீரில் கார் ஓட்டுவதை அதில் பார்த்துவிட்டு, பட்டறையில் கழிக்கிற தகட்டை எடுத்து வந்து மாதக்கணக்காக என்னவோ செய்துகொண்டிருந்தான்.

"தண்ணிக்குள்ள என்ன இருக்கு, சொல்லு மச்சான்."

"என்ன இருக்கும். தண்ணிதான் இருக்கும்."

"ஹைட்ரஜன் இருக்கு, ஆக்சிஜன் இருக்கு. பேட்டரிக் கரண்ட விட்டா ரெண்டும் கேஸா மேல வரும். அத டியூப் போட்டு எஞ்சினுக்குள்ள விட்டா பெட்ரோலோட சேந்து எரியும். பெட்ரோல் கம்மியாக் குடிக்கும்."

"அம்புட்டு லேசா இருந்தா வண்டி செய்யிற கம்பெனிக்காரனே வச்சுத் தர மாட்டானா மாப்ள?"

"தரமாட்டாங்ய. பெட்ரோல் விக்கிறவன் விட்டுருவானா? அதெல்லாம் பெரிய எடத்துச் சமாச்சாரம்."

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மீனா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எங்க தெருக் குழாயில தண்ணி வர்றதே வாரத்துல ஒரு நாளு. அதையும் வண்டிக்கு ஊத்திட்டா, குளிக்கிறதுக்குப் பெட்ரோல் வாங்கித் தாங்க தம்பி."

காளை சிரித்துக்கொண்டே மாட்டினான். வீட்டுத் தண்ணீர் பில்டரில் இருக்குமே, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாடி, அதுதான் பாத்திரம். உள்ளே சிறிதும் பெரிதுமாக வெட்டிய எவர்சில்வர் தகடுகள். வெளியே இரண்டு வயர், ஒரு டியூப், ஒரு சுவிட்சு. ஆம்னிக்கு எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே என்பதால் ஜாடியும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடியில் போய் உட்கார்ந்தது. பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ செதிலைக் கரைத்து ஊற்றினான். "இது காஸ்டிக். கையில பட்டா தோலு வெந்துரும், தொடாத."

பிறகு விதிகளைச் சொன்னான். அம்பதுக்கு மேலே போகக்கூடாது. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதிக்கக்கூடாது, கேஸ் போய்ச் சேர நேரம் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து குறைந்த தண்ணீரை நிரப்ப வேண்டும். "அப்புறம் மச்சான், கிட்டத்துல நெருப்பு ஆகாது. பீடி, சிகரெட்டு கூடவே கூடாது."

"நான் என்னைக்கு மாப்ள பீடி குடிச்சேன்?"

"சொல்றது என் கடமை."

காளை சுவிட்சைப் போட்டதும் ஜாடிக்குள் சோறு கொதிப்பதுபோலக் குமிழ் குமிழாக ஏறியது. அழகுபாண்டி இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். காளை அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, கேனிலிருந்து ஒரு டம்ளர் நூபுர கங்கைத் தீர்த்தத்தையும் அதில் சேர்த்துவிட்டார். எது ஆரம்பித்தாலும் தீர்த்தம் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம். அதில் தப்பு என்ன இருக்கிறது.

வண்டி பெட்ரோல் குறைவாகத்தான் குடித்தது. இது பொய்யில்லை. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தார். மூன்று தடவை பார்த்தும் அதே கதைதான். லிட்டருக்கு ஒன்றரை, சமயத்தில் இரண்டு கிலோமீட்டர் கூடவே வந்தது. அவருக்குச் சந்தோஷம் அதில் மட்டும் இல்லை. வாரம் ஒருமுறை சீட்டைத் தூக்கி ஜாடியைப் பார்ப்பார். சித்திரை முடிந்து வைகாசி வந்தது, ஆனி வந்தது. தண்ணீர் போட்ட கோட்டிலேயே நின்றது. ஒரு சொட்டு குறையவில்லை.

"குறையவே மாட்டேங்குது மாப்ள" என்று போனில் சொன்னார்.

"நம்ம டிசைன் அப்பிடி மச்சான்" என்றான் காளை.

அழகுபாண்டி அதை டிசைன் என்று நினைக்கவில்லை. மலைத் தீர்த்தம் என்று நினைத்தார். காளையிடம் அதைச் சொல்லவில்லை, மீனாவிடமும் ஸ்டாண்டிலும் சொன்னார்.

ஸ்டாண்டில் இதைக் கேட்டுச் சிரித்தவன் சின்னான். மேலூர்ப் பக்கத்துக்காரன், நாற்பது வயது, ஒரு பழைய பெட்ரோல் கார் வைத்திருந்தான். ஊர்ப்பக்கம் என்றால் அழகுபாண்டியும் அவனும் ஒரே கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்க மாட்டார்கள். ஸ்டாண்டில் குடித்தார்கள். ஒருவர் வடையை மற்றவர் பிய்த்துத் தின்கிற அளவுக்குப் பழக்கம். சின்னான் வாய் சும்மா இருக்காது.

"தண்ணி குறையாமலே கேஸ் வருதுன்னா அது கிட்டு இல்லண்ணே, அட்சய பாத்திரம். ஒருநா அதுல கொஞ்சம் சாம்பார ஊத்தி வச்சுப் பாருங்க. ஸ்டாண்டுக்கே ஆகும்."

"நீ நம்பாட்டிப் போடா. என் வண்டி குடுக்குது."

"கருப்பன் கதவுல அடிச்சுச் சொல்லுவீகளா?"

விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அழகுபாண்டிக்கு அந்தக் கதவு விளையாட்டு இல்லை. ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு வண்டியும் ஒரே கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அழகர்கோவிலுக்குப் போயிருந்தபோது, சின்னானின் மணிக்கட்டைப் பிடித்துக் கதவு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கல்லில் சூடத்தை ஏற்றினார். "இந்தக் கிட்டு போட்டதுக்கப்புறம் என் வண்டி மைலேஜ் கூடுனது மெய். தண்ணி குறையாததும் மெய்." உள்ளங்கை இறங்கியது. சூடம் அணைந்தது.

சின்னானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெளாட்டுக்குல்லண்ணே கேட்டேன். நீங்க பாட்டுக்கு அடிச்சுட்டீகளே."

அடுத்த வாரமே அவன் காரில் காளை கிட்டு மாட்டினான். அழகுபாண்டி அண்ணனே அடித்துச் சொல்லிவிட்டார் என்று இன்னும் சிலரும் மாட்டிக்கொண்டார்கள்.

ஆயுத பூஜை அன்று ஸ்டாண்டில் ஒரு லாரித் தண்ணீரை இறக்கி எல்லா வண்டிகளையும் கழுவினார்கள். மாவிலை, வாழைக்கன்று, பொரிகடலை. எஞ்சினுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று எல்லா பானட்டும் திறந்தே நின்றன. பூஜை எப்போதும் அழகுபாண்டிதான் செய்வார். தட்டில் சூடத்தோடு ஒவ்வொரு வண்டியாக வந்தார். தன் கிட்டுகளுக்குப் பூஜை நடப்பதைப் பார்க்கக் காளையும் புதுச்சட்டையில் வந்திருந்தான்.

சின்னான் கார் எஞ்சினை ஓடவிட்டு, கிட்டு சுவிட்சையும் போட்டு வைத்திருந்தான். குமிழ் வருவதை எல்லோரும் பார்க்கட்டும் என்று ஆசை. அவன் ஜாடியில் தண்ணீர் வாரம்தோறும் குறைந்துகொண்டுதான் இருந்தது. "உங்க தீர்த்தத்த எனக்கும் ஊத்துங்கண்ணே, எனக்கும் குறையாம இருக்கட்டும்" என்று கேட்டு, அழகுபாண்டி கொண்டுவந்த சொம்பிலிருந்து ஊற்றி, மூடியை அரையும் குறையுமாகத் திருகியிருந்தான். ஜாடிக்கும் சந்தனம், குங்குமம்.

"சாமிக்குக் காட்டுற மாதிரி இதுக்கும் நல்லாக் காட்டுங்கண்ணே" என்று பக்கத்தில் குனிந்து நின்றான்.

நெருப்பு ஆகாது என்று காளை சொன்னது அழகுபாண்டிக்கு மறக்கவில்லை. ஆனால் அவர் மனதில் நெருப்பு என்றால் பீடி, தீக்குச்சி, அடுப்பு. சூடம் நெருப்பு என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சூடம் சாமி. தட்டை ஜாடிக்கு நேரே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றினார்.

டமார் என்று ஒரு சத்தம். பூசணிக்காய் உடைத்துவிட்டார்கள் என்றுதான் பின்னால் நின்றவர்கள் நினைத்தார்கள். பானட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. சின்னான் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்பக்கமாக நடந்து, வாழைக்கன்றில் மோதி உட்கார்ந்தான். அழகுபாண்டியின் முழங்கையில் தெறித்தது சோப்புத் தண்ணீர்போல வழுவழு என்று இருந்தது. பிறகுதான் எரிந்தது.

ஆளுக்கு ஒன்று செய்தார்கள். ஒருவர் துண்டால் துடைத்தார். ஒருவர் கண்ணைத் திறக்காதே என்று கட்டினார். தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார்கள். பக்கத்திலேயே டிரம் டிரம்மாகத் தண்ணீர் நின்றது. காலையில் டயருக்கெல்லாம் அம்புட்டுத் தண்ணீர் ஊற்றியவர்கள், அந்த மனிதன் கண்ணில் ஒரு வாளி ஊற்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்சு கேட்டாள்: "கண்ணுல என்ன பட்டுச்சு?"

"பேட்டரி வெடிச்சிருச்சும்மா. ஆசிட்டு" என்றான் காளை. சொல்லிவிட்டு அழகுபாண்டியைப் பார்த்தான்.

அழகுபாண்டி வாயைத் திறந்தார். காளையின் கை அவர் கையை இறுக்கிப் பிடித்தது. காளையின் மகள் சத்யப்ரியாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் என்று வெற்றிலை மாற்றியவர் அழகுபாண்டிதான். திறந்த வாயை மூடிக்கொண்டார். பொய் சொல்லவில்லை. சும்மா நின்றார். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

உடைந்த ஜாடியையும் தகடுகளையும் காளை அன்று மாலையே காரிலிருந்து கழற்றி எடுத்துப் போய்விட்டான்.

சின்னானுக்கு வலது கண் போயிற்று. இடது கண்ணில் வெளிச்சம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. அவன் மனைவி தங்கப்பொண்ணு கட்டட வேலைக்குப் போகிறவள். வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தாள். ஒருநாள் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "ஆசிட் இப்படி உள்ளவரைக்கும் அரிச்சுக்கிட்டே போகாதும்மா. இது காரம், சுண்ணாம்பு மாதிரி ஏதோ பட்டிருக்கு. வந்த உடனே சொல்லியிருந்தா இன்னும் ரொம்ப நேரம் கண்ணைக் கழுவியிருப்போம்."

அழகுபாண்டி அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. சவாரிக்குப் போக உட்கார்ந்தால் சீட்டுக்கு அடியில் அந்த ஜாடி இருக்கிறது என்ற நினைப்பு. ஒருநாள் தானே கழற்றிவிடுவோம் என்று சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்து உள்ளே கையை விட்டார்.

வயர் அறுந்து தொங்கியது.

எலி கடித்த வயர். கோயில் சவாரி வண்டியில் தேங்காய்ச் சில்லும் பொரியும் சிந்தாமல் இருக்குமா, எலி வராமல் இருக்குமா. கடிபட்ட முனையில் செம்புக் கம்பி பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. நேற்று முந்தாநாள் கடித்தது இல்லை. ஜாடிக்குப் பின்னால் எலி கூடு கட்டிக் குட்டி போட்டுவிட்டுப் போயிருந்தது. கூட்டைப் பிரித்தார். பனையோலை விசிறியின் துணுக்குகள், ஓரத்தில் சிவப்புத் துணி. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, வண்டியில் வந்த கிழவி ஒருத்தி மறந்துவிட்டுப் போன விசிறி அது. மறுநாள் காலையில் தேடியபோது கிடைக்கவில்லை. அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

அப்படியானால் சித்திரையிலேயே கிட்டு செத்துவிட்டது. அதனால்தான் தண்ணீர் குறையவில்லை. குறையாத தண்ணீரை அவர் கும்பிட்டார். ஆடியில் கருப்பன் முன்னால் போய் அடித்துச் சொன்னார்.

அழகுபாண்டி வண்டிக்குள்ளேயே கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீனா காப்பி கொண்டுவந்து நீட்டி, நீட்டியபடியே நின்று, பிறகு டம்ளரை டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் தங்கப்பொண்ணு ஸ்டாண்டுக்கு வந்தாள். எல்லா டிரைவர்களும் இருந்தார்கள். சங்கத் தலைவர் சிவக்குமார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"பேட்டரி வெடிச்சதா, அந்த ஜாடி வெடிச்சதா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

காளை எங்கோ நின்றவன் முன்னே வந்தான். "பேட்டரிதாம்மா. எத்தன தடவ சொல்றது. இத்தன வண்டியில மாட்டியிருக்கேன், எதாவது வெடிச்சுச்சா?"

"உன்னக் கேக்கல. பக்கத்துல நின்னது அழகுபாண்டி அண்ணன். எம்புருசனுக்கு வெளிச்சந்தான் தெரிஞ்சிச்சாம், வேற தெரியலையாம். அண்ணன் கருப்பன் கதவுல வந்து அடிச்சுச் சொல்லட்டும். பேட்டரின்னா பேட்டரி. போலீசு கீலீசுன்னு நான் போகல. அவரு சொன்னத நம்பித்தான வச்சோம். அவரு சொல்றத நம்பியே முடிச்சுக்கிறேன்."

சிவக்குமார் எல்லோரையும் பார்த்தார். "அதுதான் சரி" என்றார்.

அன்று சாயங்காலம் அழகுபாண்டி தங்கச்சி வீட்டுக்குப் போனார். அறுந்த வயரைத் தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்தார். காளை அதைக் கையில் வாங்கி, பச்சை பூத்த முனையை விரலால் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவனும் அந்தக் கிட்டை நம்பியவன்தான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு தாளை மறுபடி சுற்றி மச்சானின் சட்டைப்பையில் திணித்தான்.

"இத யார்ட்டயும் காட்டாத. போய் பேட்டரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு."

"கருப்பன் கதவு மாப்ள அது."

"சூடத்தக் காட்டுனது யாரு? நீதான. உள்ள போட்டா உன்னையும் சேத்துத்தான் போடுவாங்ய. அவன் யாரு, நம்ம யாரு? நம்ம ஆளுக்காக ஒரு வார்த்த பேச மாட்டியா நீ?"

"அவன் என் வடையத் தின்னவன் மாப்ள" என்றார் அழகுபாண்டி. காளைக்கு அது விளங்கவில்லை.

சோலையம்மாள் அடுப்படியிலிருந்து வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்தாள். "மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்ணே. தாலி ஏறுற வரைக்காச்சும். அதுக்கப்புறம் நீ என்ன வேணாலும் பேசு. சாமி பொறுத்துக்கும். அது கொலசாமி, நம்மள விட்டுருமா?"

உள்ளறைக் கதவில் சத்யப்ரியா நின்றிருந்தாள். மாமனைப் பார்த்ததும் பார்வையை இறக்கிக்கொண்டாள்.

கதவுக்குப் போன நாள் தூறல். ஸ்டாண்டிலிருந்து நாலைந்து வண்டி போயிற்று. சின்னானை மகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். "பாத்து வாப்பா, படி" என்றாள். "எந்தக் கண்ணால பாக்கட்டும்?" என்றான் அவன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டான்.

காளை கதவுக்கு எட்டத்தில், சோலையம்மாளோடு நின்றான். சிவக்குமார் கல்லின் ஈரத்தைத் துடைத்துச் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். அழகுபாண்டி அதற்கு முன்னால் நின்றார். சூடம் எரிந்தது. இதே கல், இதே கை. இப்போது அதைப் பார்த்தால் அவருக்குச் சாமியாகவும் தெரிந்தது, தீயாகவும் தெரிந்தது. கை எழும்பவில்லை.

"அடிங்கண்ணே" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

சூடம் கரைந்து, நீலமாகி, கல்லில் ஒரு கறுப்புப் பொட்டை விட்டு அதுவாகவே அடங்கியது.

"ஜாடிதான் வெடிச்சது" என்றார் அழகுபாண்டி. "நான் காட்டுன சூடத்துல வெடிச்சது. உள்ள இருந்தது காஸ்டிக். ஆஸ்பத்திரியில ஆசிட்டுன்னு சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல."

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். வயரைச் சின்னானின் கையில் வைத்தார். அவன் விரலால் தடவிப் பார்த்தான்.

"என்னண்ணே இது?"

"என் வண்டிக் கிட்டு வயரு. சித்திரையிலயே எலி கடிச்சிருக்கு. அதாலதான் தண்ணி குறையல. ஆடியில உனக்கு அடிச்சுச் சொன்னப்ப என் கிட்டு ஓடவே இல்லடா."

சின்னான் அந்த முனையை விடவில்லை. திருப்பித் திருப்பித் தடவினான். "அப்ப அந்த மைலேஜ் எங்கருந்துண்ணே வந்துச்சு?"

"மெல்லப் போனேன்டா" என்றார் அழகுபாண்டி. "அம்பதுக்கு மேல போகாதன்னு மாப்ள சொன்னான். மெல்லப் போனேன். அம்புட்டுத்தான்."

சின்னான் வயரைத் தடவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மெல்லப் போனா மைலேஜ் வரும்னு சொல்லியிருந்தா நானும் மெல்லப் போயிருப்பேனேண்ணே."

அழகுபாண்டி அவன் காலில் விழப் போனார். தங்கப்பொண்ணு குறுக்கே கையை நீட்டினாள். "வேணாம்ணே. நீங்க விழுந்தா அது எங்களுக்கு இன்னொரு பாரம்." வயரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

சோலையம்மாள் அழவில்லை. அண்ணன் பக்கத்தில் வந்து, "இன்னியோட எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல" என்றாள். கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தாள். காளை அவள் பின்னால் போனான்.

விசாரணை நடந்தது. காளையைப் பட்டறை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அழகுபாண்டியையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். போனார், நடந்ததைச் சொன்னார், வந்தார். வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கல்யாணம் நிற்கவில்லை. தை மாதம் கப்பலூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாய்மாமன் சீருக்குச் சோலையம்மாள் பெரியப்பா மகன் ஒருவனை நிறுத்திக்கொண்டாள். அழகுபாண்டிக்குப் பத்திரிகை வரவில்லை.

ஆனாலும் மீனா பட்டுச்சேலை எடுத்துவைத்திருந்தாள். "மொறைய நாம விடக்கூடாது" என்றாள். காலையில் அவர் அதைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சளோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்துக்கு எதிரே ரோட்டோரம் நிறுத்தினார். மேளம் கேட்டது. தங்கச்சி ஒரு தரம் வாசலுக்கு வந்தாள். யாரையோ வரவேற்றாள். வண்டியைப் பார்த்தாள். அந்த வண்டி அவளுக்குத் தெரியாதா. முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

கெட்டிமேளம் கேட்டது. அவர் இருந்த இடத்திலிருந்தே அட்சதை போடுவதுபோலக் கையை உயர்த்தி இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பினார்.

அன்றைக்கு வேறு ஒரு வேலையும் இருந்தது. சின்னானுக்குக் கண் ஆஸ்பத்திரியில் காட்டுகிற நாள். அவன் காரை விற்றுவிட்டார்கள். ஆட்டோவுக்கு ஒவ்வொரு முறையும் கொடுத்து மாளாது என்று அழகுபாண்டியின் வண்டியைத் தங்கப்பொண்ணு வேண்டாமென்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவர் குறித்த நாளில் தெருமுனையில் போய் நிற்பார், அவர்கள் வந்து ஏறுவார்கள். முன்சீட்டில் உட்கார மாட்டார்கள். பின்னால் உட்காருவார்கள். பேச மாட்டார்கள்.

அன்றும் அப்படித்தான் ஏறினார்கள். தங்கப்பொண்ணு சீர்த்தட்டைப் பார்த்தாள். பூவையும் பட்டையும் பார்த்தாள். மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிரேக் போட்டால் கொட்டிவிடும் என்று.

வண்டி புதுநத்தம் ரோட்டில் போனது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனார்கள். பஸ் போனது, ஷேர் ஆட்டோகூடப் போனது. ஸ்பீடு முள் நாற்பத்தைந்தில் நின்றது. கிட்டைக் கழற்றி எவ்வளவோ நாளாகிறது. கால் மட்டும் அந்த அளவைவிட்டு மாறவில்லை.

கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்த சின்னான், மாதக்கணக்குக்குப் பிறகு முதல்முறையாக அவரைப் பார்த்துப் பேசினான். பார்த்து என்று சொல்ல முடியாது. அவர் இருக்கிற திசைக்குப் பேசினான்.

"எதுக்குண்ணே இன்னும் மெல்லவே போறீக?"

அழகுபாண்டி கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முள் அம்பதைத் தாண்டியது. சீட்டுக்கு அடியில், ஜாடி இருந்த இடத்தில், கிட்டைக் கழற்றியபோது எடுக்காமல் விட்ட ஒரு நட்டு உருண்டு உருண்டு தட்டுகிற சத்தம் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.